கலைஞருக்கான நிதியுதவி: விண்ணப்பத்தில் விடும் பிழைகள்

யாழ்ப்பாணத்தில் கலைஞருக்கு நிதியுதவி என்றதும் அரங்கேற்றம், கண்காட்சி, கூத்து மேடையேற்றம் என்றே மனம் ஓடும். தொழில் திறனுக்கான உதவி அதற்கு அல்ல. விலை வைக்க, கணக்கு எழுத, ஒப்பந்தம் பேச, இணையத்தில் விற்கப் பழகத்தான் அந்தக் காசு. அதற்குப் போய் ஒலிபெருக்கி வாடகை, மேடைத் திரை, 60 பேருக்கு மதியச் சாப்பாடு என்று பாதீடு போட்டால் முதல் வாசிப்பிலேயே ஒதுக்கிவிடுவார்கள். விண்ணப்ப அழைப்பை இரண்டு தரம் வாசித்துவிட்டுப் பேனையை எடுங்கள்.

யாருக்கு என்பதையும் பார்க்க வேண்டும். இங்கிலாந்துக் கலைக் கழகம் கலைஞர்களின் வளர்ச்சிக்காக 2,000 முதல் 12,000 பவுண் வரை கொடுக்கும் திட்டம் ஒன்று உண்டு. லண்டனில் இருக்கிற சித்தப்பா நல்ல மனதோடு அதை வட்ஸ்அப்பில் அனுப்புவார். ஆனால் அது இங்கிலாந்தில் வசிப்பவர்களுக்கு மட்டும். மருதனார்மடத்தில் இருந்துகொண்டு விண்ணப்பிக்க ஏலாது. நெதர்லாந்தின் பிறின்ஸ் குளோஸ் நிதியம் வளரும் கலைஞர்களுக்குக் கொடுக்கும் 5,000 யூரோ ‘சீட்’ (Seed) விருது போன்றவைதான் எங்கள் பக்கத்துக்குப் பொருந்தும்.

எல்லாவற்றிலும் பெரிய பிழை, சொந்த உழைப்புக்கு விலை போடாமல் விடுவது. பனையோலைப் பூக்கூடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஓலைக்கும் சாயத்துக்கும் 400 ரூபாய் என்று வையுங்கள். ஓலை வார்ந்து, சாயத்தில் அவித்துக் காயவிட்டு, பின்னி, விளிம்பு கட்ட ஒன்றரை நாள் வேலை. பின்னியவர் அதை 1,500 ரூபாய்க்கு விற்றுவிட்டு ‘1,100 லாபம்’ என்று கொப்பியில் எழுதுகிறார். அது லாபம் இல்லை, அவருடைய கூலி. நாளுக்குச் சுமார் 730 ரூபாய். இந்தக் காசுக்கு இன்றைக்குத் தோட்டத்தில் வெங்காயம் பிடுங்கவும் ஆள் வராது. இதில் கடைக்காரர் பிடித்துக்கொள்ளும் கழிவு, பஸ் காசு, பழுதாய்ப் போன ஓலை ஒன்றுமே சேரவில்லை.

இதே பழக்கம் விண்ணப்பத்திலும் வந்து நிற்கும். பயிற்றுநருக்கு இவ்வளவு, மண்டபத்துக்கு இவ்வளவு என்று எழுதுவார்கள். தாங்கள் மூன்று மாதம் செலவழிக்கப்போகும் நேரத்துக்கு ஒரு சதமும் இராது. அடக்கம் என்று நினைப்பு. வாசிப்பவருக்கோ ‘இந்த மூன்று மாதமும் இவர் எதைச் சாப்பிடுவார்?’ என்றுதான் கேள்வி வரும். விதிமுறை தடுக்காவிட்டால் ‘எனது நேரம்’ என்று ஒரு வரி போட்டு, எத்தனை நாள் என்பதையும் நாட்கூலியையும் வெளிப்படையாக எழுதுங்கள்.

மாத வருமானம் கேட்கும் இடத்தில் ஒரே தொகையைப் பன்னிரண்டு மாதத்துக்கும் போடுவதும் பரவலாக நடக்கிறது. நாதஸ்வர, தவில் கலைஞரின் வருடம் அப்படியா ஓடுகிறது? நல்லூரின் 25 நாள் திருவிழாவும் அதை ஒட்டிய கோயில் கொடியேற்றங்களும் ஒரு பக்கம். கல்யாணமே இல்லாத மார்கழி மறுபக்கம். ஏற்ற இறக்கத்தை அப்படியே காட்டினால் உங்களுக்கு ஏன் நிதித் திட்டமிடல் பழக வேண்டும் என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

வெளிநாட்டு நாணயத்தில் பாதீடு போட்டால் எந்த மாற்று விகிதம் என்று கீழே குறியுங்கள். 2022இல் சில வாரங்களுக்குள் டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தாண்டியது எல்லோருக்கும் நினைவிருக்கும்.

யாழ்ப்பாணத்தை ஆண்ட சங்கிலியன் காலத்தில் தொடங்கி மூன்று பந்தி பண்பாட்டுப் பெருமை எழுதுவதை விடுங்கள். அவர்கள் கேட்பது நீங்கள் என்ன செய்கிறீர்கள், யார் வாங்குகிறார்கள், எங்கே தடக்குகிறது என்பதை. பரிந்துரைக் கடிதத்துக்கும் பொன்னாடை போர்த்திய பிரமுகரைத் தேடி அலைவானேன்? உங்களுக்குக் கூத்துப் பழக்கிய அண்ணாவியாரோ, வருடக்கணக்காகப் பொருள் எடுக்கும் கடைக்காரரோ எழுதினால் அதில் விஷயம் இருக்கும்.

ஒப்பந்தம் பேசப் பழகும்போது பதிப்புரிமையையும் சேர்த்துப் பாருங்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி படைப்பு உருவானதும் பாதுகாப்பு வந்துவிடும், பதிவு தேவையில்லை. ஆனால் ரொறன்ரோவிலிருந்து வரும் ஓடருக்கு வட்ஸ்அப் குரல்பதிவில் ‘ஓமண்ணை, செய்து தாறன்’ என்று சொல்லிவிட்டு வடிவத்தையும் முழுவதுமாய்க் கொடுத்துவிடுகிறோம்.

கடதாசி வேலை சின்னதுதான், காசு நிற்பது அங்கேதான். அடையாள அட்டையில் ஒரு எழுத்துக்கூட்டல், வங்கிப் புத்தகத்தில் இன்னொன்று, விண்ணப்பத்தில் மேடைப் பெயர் என்றிருந்தால் வந்த பணமும் திரும்பிப் போகலாம். வணிகப் பெயர்ப் பதிவு தேவையென்றால் பிரதேச செயலகத்தில் முன்கூட்டியே விசாரியுங்கள். ஓலை தந்த பக்கத்து வீட்டு அம்மாவிடம் செலவுக்குக் காட்டச் சிட்டை இராது. பெயர், அடையாள அட்டை இலக்கம், தொகை, திகதி எழுதிக் கையெழுத்து வாங்கி வைத்தால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள், முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

முடிவு நேரம் எந்த நாட்டு நேரம் என்றும் பாருங்கள். லண்டனில் மதியம் 12 மணி என்றால் எங்களுக்குக் கோடையில் பின்னேரம் 4.30, குளிர்காலத்தில் 5.30. முதல் நாளே அனுப்பிவிட்டால் இந்தக் கணக்கும் தேவையில்லை.