செஸ் போட்டிக்குக் குழந்தையை அழைத்துச் செல்லும் பெற்றோருக்கு

செஸ் போட்டியில் பெற்றோரின் வேலை, ஆட்டம் முடிந்து குழந்தை அரங்கைவிட்டு வெளியே வரும் நேரத்தில்தான் தொடங்குகிறது. ஒரே நாளில் இரண்டு, மூன்று சுற்றுகள் நடக்கும் போட்டிகளில் அந்தப் பத்து நிமிடங்களை நாம் எப்படி நடத்துகிறோம் என்பது அடுத்த ஆட்டத்தையே மாற்றிவிடக்கூடும் என்பதால், முதலில் அதைப் பற்றியே சொல்கிறேன்.

தமிழ்நாட்டில் எந்தப் போட்டிக்குச் சென்றாலும் இந்தக் காட்சியைக் காணலாம். தோற்றுவிட்டு வரும் எட்டு வயதுக் குழந்தையிடம் "வின்னிங் பொசிஷன்தானே, எப்படி விட்ட?" என்று கேட்டபடியே, நகர்த்தல்களை எழுதிய தாளை வாங்கிக் கைப்பேசியில் ஏற்றி, ஆட்டத்தை அலசும் ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் என்ஜின் (மென்பொருள்) சிவப்பில் காட்டும் பிழையை நடைபாதையிலேயே, எதிர்த்து ஆடிய குழந்தையும் அதன் பெற்றோரும் பார்த்துக்கொண்டிருக்க, சுட்டிக்காட்டுகிறார் தந்தை. அவர் கெட்டவர் அல்லர். விடுமுறை எடுத்து, ரயிலில் இரவெல்லாம் விழித்துக் குழந்தையை அழைத்து வந்தவர். ஆனால் அடுத்த சுற்றில் அந்தக் குழந்தை பலகையைப் பார்த்து ஆடாது, வெளியே காத்திருக்கும் தந்தையை நினைத்தே ஆடும்.

எனவே குழந்தை வெளியே வந்ததும் தண்ணீர் கொடுங்கள், பசிக்கிறதா என்று கேளுங்கள், அழுதால் அழவிடுங்கள். ஆட்டத்தைப் பற்றி அதுவாகப் பேசினால் முழுவதும் கேளுங்கள். பேசாவிட்டால் நீங்களும் பேசவேண்டாம். தாளைப் பத்திரமாக வைத்திருந்து, போட்டி முடிந்த பிறகு பயிற்சியாளரிடம் கொடுங்கள். எந்த நகர்த்தல் தவறு என்பதை என்ஜின் சொல்லும். அந்த நேரத்தில் குழந்தை என்ன நினைத்தது, எதற்குப் பயந்தது என்பதை அது சொல்லாது. பயிற்சியாளருக்குத் தேவைப்படுவது இந்த இரண்டாவது விஷயம்தான். குகேஷ் கிராண்ட்மாஸ்டர் நிலையை எட்டும் காலம்வரை என்ஜின் உதவியின்றியே அவரைப் பழக்கினார் பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா. எல்லாக் குழந்தைகளுக்கும் அதே முறை பொருந்தவேண்டும் என்பதில்லை. ஆனால் அந்த முடிவை எடுக்கவேண்டியவர் பயிற்சியாளர் என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

அடுத்து ரேட்டிங், அதாவது ஆட்டக்காரரின் திறமையைக் காட்டும் எண். பதினெட்டு வயதுக்கு உட்பட்டு, 2300க்குக் கீழே இருக்கும் ஆட்டக்காரர்களுக்கு உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே பயன்படுத்தும் கே எண், அதாவது ஓர் ஆட்டத்தின் முடிவு ரேட்டிங்கை எவ்வளவு மாற்றும் என்பதைத் தீர்மானிக்கும் எண், 40 ஆகும். அதாவது, தனக்குச் சமமான ரேட்டிங் உள்ளவரிடம் ஒரே ஓர் ஆட்டத்தில் தோற்றாலும் 20 புள்ளிகள் போய்விடும். வென்றால் அதே 20 வரும். வேகமாக வளரும் குழந்தைகளின் எண் அவர்களது திறமையோடு சேர்ந்து விரைவாக நகரவேண்டும் என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. ஆகவே ஒரு போட்டியில் 60 புள்ளிகள் குறைந்தால் அதை வீட்டில் துக்கமாக்கவேண்டாம். புள்ளி போய்விடுமோ என்ற பயம் குழந்தைக்குள் இறங்கிவிட்டால், நல்ல நிலையில் இருக்கும்போதே டிரா கேட்கவும், ரேட்டிங் குறைந்த எதிராளியைக் கண்டு நடுங்கவும் தொடங்கிவிடும். ஒன்றரை, இரண்டு வருடப் போக்கைப் பாருங்கள். மாதாமாதம் வரும் பட்டியலைக் குழந்தையின் முன்னால் திறக்காதீர்கள். உறவினர் வீட்டு விசேஷத்தில் எண்ணைச் சொல்லிப் பெருமைப்படுவதும் இதே சுமையைத்தான் ஏற்றுகிறது.

செலவுக் கணக்கும் அப்படியே. பயிற்சிக் கட்டணம், நுழைவுக் கட்டணம், பயணம், விடுதி என்று நடுத்தரக் குடும்பத்திற்கு இது பெரிய பாரம் என்பதை அறிவேன். குகேஷின் தந்தை, காது மூக்கு தொண்டை அறுவைச் சிகிச்சை நிபுணர், மகனோடு போட்டிகளுக்குச் செல்வதற்காகத் தம் மருத்துவப் பணியையே ஒதுக்கி வைத்தார். அத்தகைய தியாகத்தைச் செய்ய முடிந்தால் செய்யுங்கள், முடியாவிட்டால் போட்டிகளைக் குறைத்துக்கொள்ளுங்கள். எதுவாயினும், "உனக்காக இவ்வளவு செலவு செய்தும்" என்று தொடங்கும் வாக்கியம் தோற்ற நாளில் உங்கள் வாயிலிருந்து வரக்கூடாது.

2023இல் பாகுவில் நடந்த உலகக் கோப்பையில் பிரக்ஞானந்தா இறுதிச் சுற்றுவரை சென்றபோது, அரங்கில் அவருடைய தாய் நாகலட்சுமி நின்ற படங்களைப் பலரும் பார்த்திருப்பீர்கள். வெளிநாட்டுப் போட்டிகளுக்குச் சமையல் சாமான்களை எடுத்துச் சென்று வீட்டுச் சாப்பாடு சமைத்துக் கொடுப்பவர் அவர். சாப்பாடு, தூக்கம், அரங்கிற்கு அரைமணி நேரம் முன்னதாகப் போய்ச் சேர்வது ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளப் பெற்றோரைவிடச் சிறந்தவர் யாரும் இல்லை.

போட்டி நாள் காலையில் மட்டும் வயிற்றுவலி வருவது, தோற்ற ஆட்டத்தின் தாளை மறைப்பது, அரங்கிலிருந்து வந்ததும் முதலில் உங்கள் முகத்தைப் படிப்பது ஆகியவை திரும்பத் திரும்ப நடந்தால், அடுத்த போட்டிக்குப் பணம் கட்டுவதை நிறுத்தி வையுங்கள். ஆட்டங்கள் இல்லாத ஒரு வாரத்தில், தொடர்ந்து ஆட விருப்பமா என்று பயிற்சியாளரைக் குழந்தையோடு தனியாகப் பேசச் சொல்லுங்கள். அப்போது நீங்கள் அறையில் இருக்கவேண்டாம். குழந்தை சில மாதங்கள் வேண்டாம் என்று சொன்னால், காரணம் கேட்டு வற்புறுத்தாமல் அதை ஏற்றுக்கொள்ளுங்கள்.