புஷ்காஷ் அவார்ட் சண்டைல நாம பண்ற தப்புங்க

வருஷா வருஷம் ஃபுட்பால்ல புஷ்காஷ் அவார்ட் லிஸ்ட் வந்தா போதும், எங்க குரூப்ல ரெண்டு கட்சி ஆயிடும். சண்டை போடுங்க, வேணாம்னு சொல்லல, ஆனா முக்காவாசி சண்டை அது எதுக்கு குடுக்குற அவார்டுன்னே தெரியாம நடக்குது. அது அந்த வருஷத்தோட அழகான ஒரே ஒரு கோலுக்கு உலக ஃபுட்பால் அமைப்பான ஃபிஃபா குடுக்குறது, அவ்ளோதான். ஆளுக்கு இல்ல, டீமுக்கு இல்ல, கப்புக்கும் இல்ல.

இத மறக்குறதுதான் பெரிய தப்பு, நானும் பண்ணிருக்கேன். 2018ல கீவ்ல நடந்த சாம்பியன்ஸ் லீக் ஃபைனல்ல ரியல் மாட்ரிட்டோட கேரத் பேல் சப்ஸ்டிட்யூட்டா எறங்கி கொஞ்ச நேரத்துலயே அந்தரத்துல படுத்து ஒரு கோல் அடிச்சாரு, அதே சீசன்ல ரொனால்டோவும் யுவென்டஸ் கிரவுண்ட்ல அப்படியே ஒண்ணு அடிச்சு எதிர் டீம் ரசிகர்களே எந்திரிச்சு கை தட்டினாங்க. ரெண்டுமே லிஸ்ட்ல இருந்துச்சு, ஆனா ஜெயிச்சது எவர்ட்டனுக்கு எதிரா லிவர்பூலோட சலா அடிச்ச கோல். நல்ல கோல்தான், ரெண்டு பேர ஏமாத்திட்டு வளைச்சு தூர மூலைல போட்டது, ஆனா அந்த ரெண்டுக்கும் மேலயான்னு கேட்டா எனக்கு இன்னும் ஆறல. அப்ப முடிவு முழுக்க ரசிகர் ஓட்டுல, சலாவுக்கு அந்த சீசன் உச்சம், ஜனங்க கோலப் பாக்காம ஆளப் பாத்து குத்திட்டாங்கன்னுதான் எனக்கு தோணுது. நானும் யோக்கியன் இல்ல, பேல் ஜெயிக்கணும்னு நான் சொன்ன மொத காரணம் 'அது ஃபைனல்ல அடிச்சதுடா'. ஃபைனல்ங்கறதுக்கு இங்க ஒரு மார்க்கும் கிடையாது. இன்னும் 'எல்லாம் ஃபேன்ஸ் ஓட்டு, கள்ள ஓட்டு'ன்னு எழுதுறவங்களுக்கு ஒண்ணு, இப்பல்லாம் ரசிகர் ஓட்டோட முன்னாள் பிளேயருங்க குழுவோட ஓட்டும் சேருது.

அடுத்தது, பெரிய லீக் கோல்தான் கோல்னு நினைக்கறது. 2015ல மெஸ்ஸி கோலத் தாண்டி ஜெயிச்சது வென்டெல் லிரா, பிரேசில்ல கோயனேசியான்னு ஒரு சின்ன கிளப்புக்கு ஆடினவரு. அடுத்த வருஷமே ஃபுட்பாலுக்கு குட்பை சொல்லிட்டு வீடியோ கேம் ஆடப் போயிட்டாரு! 2016ல பினாங்கு டீமோட ஃபாயிஸ் சுப்ரி, மலேசியா சூப்பர் லீக்ல அடிச்ச ஃப்ரீ கிக். பந்து ஒரு பக்கமா கெளம்பி பாதி வழில மனசு மாறின மாதிரி இன்னொரு பக்கம் திரும்பும், பாவம் கீப்பர். மேடைல போன எடுத்து ஸ்பீச்ச தேடிட்டு நின்னாரு மனுஷன், அதுவும் அழகாத்தான் இருந்துச்சு. அதுக்கும் 'காத்து அடிச்சுது, லக்கு'ன்னு கமென்ட் போட்டாங்க. லக்குல, எதிராளி சொதப்பல்ல, யார் மேலயாவது பட்டு திரும்பி விழுந்த கோல் எடுபடாதுன்னு விதியிலயே இருக்கு, அதனால லக்குன்னு சொல்றதுக்கு முன்னாடி அவர் கால் பந்துல எங்க படுதுன்னு ஸ்லோ மோஷன்ல பாருங்க.

2022ல மார்சின் ஒலெக்ஸி ஜெயிச்சப்போ 'அனுதாப ஓட்டு'ன்னு சொன்னவங்க மேலதான் எனக்கு கோவம். போலந்துக்காரர், வார்டா போஸ்னான் கிளப்போட ஆம்பியூட்டி (கால் இழந்தவங்க ஆடற ஃபுட்பால்) டீமுக்கு ஆடினாரு. அந்த ஆட்டத்துல ஒத்த கால், ரெண்டு ஊன்றுகோல், ஊன்றுகோலால வேணும்னு பந்த தொட்டா ஃபவுல். அந்த நிலமைல வந்த கிராஸுக்கு ஊன்றுகோல ஊனி ஒடம்ப அந்தரத்துல தூக்கி சிசர் கிக் (கத்திரி மாதிரி கால வீசி அடிக்கறது) அடிச்சாரு. பிரேசிலோட ரிச்சார்லிசன் உலகக் கோப்பைல அடிச்சத விட இது கஷ்டமா இல்லையான்னு நீங்களே பாத்து சொல்லுங்க.

பொண்ணுங்க கோல் இதுல சேராதுன்னும் ஒரு கூட்டம் சொல்லிட்டு திரிஞ்சுது. 2014லயே அயர்லாந்தோட ஸ்டெஃபனி ரோச் ரெண்டாவது எடம், மொத எடம் ஹாமேஸ் ரோட்ரிகஸ், மூணாவது வான் பெர்சி. 2024ல இருந்துதான் பொண்ணுங்க கோலுக்கு தனியா மார்த்தா அவார்ட், மொத தடவையே அத ஜெயிச்சது பிரேசில் பிளேயர் மார்த்தாவேதான்! தன் பேர்ல இருக்கற அவார்ட தானே வாங்குறதெல்லாம் வேற லெவல்.

வருஷக் கணக்குலயும் பாத்து பேசுங்க. இங்கிலாந்துக்கு எதிரா ஸ்வீடனோட ஸ்லாட்டன் இப்ராஹிமோவிச் ரொம்ப தூரத்துல இருந்து அடிச்ச பைசைக்கிள் கிக் (அந்தரத்துல படுத்து தலைக்கு மேல அடிக்கறது) நடந்தது 2012 நவம்பர், அவார்ட் கிடைச்சது 2013க்கு. கணக்கு ஜனவரி டு டிசம்பர் கிடையாது. மாரடோனா 1986, ஜிடான் 2002 கோல் கிளிப்ப போட்டு 'புஷ்காஷ் வின்னர்'னு கேப்ஷன் வைக்காதீங்க, அவார்டே 2009லதான் வந்துச்சு, மொத வின்னர் போர்ட்டோவுக்கு எதிரா அடிச்ச ரொனால்டோ. மெஸ்ஸி பல தடவ லிஸ்ட்ல வந்தும் ஒரு தடவ கூட ஜெயிக்கல, இத நம்பாம பந்தயம் கட்டி டீ வாங்கிக் குடுத்தவங்க எங்க குரூப்ல இருக்காங்க.

கடைசியா, இந்த அவார்டுக்கு பேரு குடுத்த ஹங்கேரி பிளேயரோட பேரு. ஹங்கேரி மொழில 'எஸ்' எழுத்து 'ஷ்', அதனால ஃபெரென்ஸ் புஷ்காஷ், 'புஸ்காஸ்' இல்ல. ஹங்கேரிக்கு 85 மேட்ச்ல 84 கோல் அடிச்ச ஆளு, இங்கிலீஷ்காரனுக்கு எழுத கஷ்டம், நமக்குத்தான் 'ஷ' இருக்கே.