நோய் தொற்றிவிடுமோ என்ற பயத்தை அளப்பது எப்படி?

நோய் தொற்றும் பயத்தை அளக்கும் Perceived Vulnerability to Disease (PVD) என்ற அளவுகோலை முதுகலை ஆய்வேட்டுக்காகத் தமிழில் பயன்படுத்தினேன். முதல் சுற்றில் வாங்கிய பதில்களில் பாதியைத் தூக்கிப் போட்டுவிட்டு, அதே ஆட்களிடம் திரும்பப் போய் நிற்க வேண்டி வந்தது. நீங்கள் அப்படி அலைய வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

படி 1: எதை அளக்கிறோம்?

டங்கன், ஷாலர், பார்க் மூவரும் 2009-ல் வெளியிட்ட அளவுகோல் இது. மொத்தம் 15 கூற்றுகள். ஒவ்வொன்றுக்கும் 1 (கொஞ்சமும் ஒப்பவில்லை) முதல் 7 (முழுக்க ஒப்புகிறேன்) வரை மதிப்பெண். இதற்குள் இரண்டு அளவுகள் இருக்கின்றன. ‘எனக்குச் சீக்கிரம் தொற்றிவிடும்’ என்ற நம்பிக்கைக்கு 7 கூற்றுகள், கிருமி மீதான அருவருப்புக்கு 8. ‘எனக்குச் சளியே பிடிக்காது’ என்று சொல்பவரே, பஸ்ஸில் பக்கத்தில் யாராவது தும்மினால் எழுந்து வேறு இடம் பார்ப்பார். அதனால் இரண்டுக்கும் தனித்தனிச் சராசரி எடுங்கள். இதில் கிடைப்பது மனதில் இருக்கும் உணர்வு மட்டுமே. உண்மையில் நோய் வரும் வாய்ப்பை இது சொல்லாது.

படி 2: தமிழில் எழுதுவது

நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான். 11-வது கூற்றை ‘பணத்தைத் தொட்ட பிறகு என் கை அழுக்கானதாகத் தோன்றுவதில்லை’ என்று எழுதியிருந்தேன். பூக்கடை அக்கா ஒருவரிடம் வாசித்துக் காட்டினேன். “ஆமாம்மா, அழுக்காத்தான் இருக்கும்” என்று சொல்லிக்கொண்டே வாளித் தண்ணீரில் கையை அலசினார். அவர் சொன்ன ‘ஆமா’வைக் கேட்டு நான் 7-ஐ வட்டமிட்டுவிட்டேன். அவர் சொன்னதற்கு வர வேண்டியது 1 அல்லது 2.

‘இல்லை’யில் முடியும் வாக்கியத்துக்கு வரும் ‘ஆமா’ எதற்கான ஆமா என்று நமக்குத் தெரியாது. கூற்றின் திசையை மாற்றாமல் ‘இல்லை’யை மட்டும் எடுத்துவிடுங்கள்: ‘பணத்தைத் தொட்டாலும் என் கை சுத்தமாகவே இருப்பதுபோல் இருக்கும்.’ இப்படி மாற்றிய பிறகு அந்தக் குழப்பம் வரவே இல்லை.

தண்ணீர் பாட்டிலைப் பகிர்வது பற்றிய 3-வது கூற்றிலும் கவனம் வேண்டும். நம் ஊரில் பலர் அண்ணாந்து குடிப்பார்கள், பகிர்வதில் அவர்களுக்குத் தயக்கமே இருக்காது. ‘நண்பர் வாய் வைத்துக் குடித்த பாட்டில்’ என்று தெளிவாக எழுதுங்கள். பொதுத் தொலைபேசி பற்றிய 15-வது கூற்றைக் கல்லூரிப் பிள்ளைகளிடம் கேட்டால் விழிப்பார்கள். அதை மாற்றினால், மாற்றியதை ஆய்வேட்டில் மறக்காமல் சொல்லுங்கள்.

படி 3: எண்களைத் திருப்புவது

3, 5, 11, 12, 13, 14 ஆகிய ஆறும் தலைகீழ்க் கூற்றுகள்; அதாவது, இவற்றை ஒப்புக்கொண்டால் பயம் குறைவு என்று பொருள். 8-லிருந்து மதிப்பெண்ணைக் கழியுங்கள்: 7 என்பது 1 ஆகும், 2 என்பது 6 ஆகும். திருப்பிய எண்களைப் புது நெடுவரிசையில் போடுங்கள், பழையதை அழிக்காதீர்கள். ஏற்கெனவே திருப்பியதை மறந்து இரண்டாம் முறை திருப்பினால், பழைய எண்ணே திரும்ப வந்து நிற்கும்.

படி 4: நம்பகத்தன்மை

ஓர் அளவின் கூற்றுகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண் க்ரோன்பாக் ஆல்ஃபா. அதை இரண்டு அளவுக்கும் தனித்தனியாகப் பாருங்கள். பொதுவாக 0.7-க்கு மேல் எதிர்பார்ப்பார்கள். இதைக் கணக்கிட என் பரிந்துரை ஜமோவி (jamovi) என்ற புள்ளியியல் மென்பொருள். இலவசம், மாணவர்களுக்கு அதுவே தாராளம். ஆனால் நம்பகத்தன்மைப் பகுதியில் தலைகீழ்க் கூற்று என்று குறித்தால் அது அந்தக் கணக்குக்கு மட்டும்தான், தரவு அட்டவணையில் உள்ள எண் மாறாது. திருப்பிய நெடுவரிசைகளையே கொடுத்தால் அங்கே எதையும் குறிக்க வேண்டாம்.

பின்சேர்க்கை 1: சராசரி 7-ஐத் தாண்டுகிறது என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். பதில் எழுதாத கட்டத்தை எக்செல் 0 என்று எடுத்துக்கொண்டு 8-லிருந்து கழித்திருக்கிறது. வெற்றுக் கட்டம் வெற்றாகவே இருக்கும்படி நிபந்தனை போட்டுவிடுங்கள்.

பின்சேர்க்கை 2: பிறர் உடுத்திய துணி பற்றிய 9-வது கூற்றைக் குறித்து இன்னொருவர் எழுதியது என்னை உலுக்கிவிட்டது. நம் ஊரில் ‘யார் உடுத்தியதோ’ என்ற தயக்கத்துக்குப் பின்னால் கிருமி இருக்கலாம், சாதியும் இருக்கலாம். 7 என்ற எண்ணை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். இப்போது அந்தக் கூற்றுக்குக் கீழே ‘ஏன்?’ என்று ஒரு வரி சேர்த்து, அவர்கள் சொல்வதைச் சொன்னபடியே எழுதிக்கொள்கிறேன்.