லைக் கேட்டு வாங்கினால் ரீச் வராது

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக் கடை. வாசலில் நின்று "அந்த மாம்பழக் கலர் என்ன விலை?" என்று கேட்டால் மூன்று பேர் ஓடி வருவார்கள். அதே கேள்வியைக் கடையின் ஃபேஸ்புக் பதிவுக்குக் கீழே பதினொரு பேர் கேட்டிருந்தார்கள். ஒருவருக்கு மட்டும் பதில்: "டிஎம் பண்ணுங்க", அதாவது தனியாக மெசேஜ் அனுப்புங்கள். முதலாளி என்னிடம் சொல்கிறார், "ரீச்சே வர மாட்டேங்குது சார்." பதிவு நிறையப் பேர் கண்ணில் படவில்லையாம்.

எப்படி வரும்? விலையை அங்கேயே சொல்லியிருந்தால் அடுத்தவர் "பிளவுஸ் பிட் இருக்கா?" என்பார், இன்னொருவர் தன் நாத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டுவார். இப்படி ஆட்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளும் பதிவுகளைத்தான் முன்னால் காட்டுவோம் என்று ஃபேஸ்புக் 2018 ஜனவரியிலேயே அறிவித்துவிட்டது. இன்பாக்ஸுக்குள் தள்ளிய பேச்சு வெளியே யாருக்கும் தெரியாது.

அதற்காக "லைக் போடுங்க, மூணு பேரை டேக் பண்ணுங்க" என்று கையேந்தவும் கூடாது. அப்படிக் கெஞ்சும் பதிவுகளைக் கீழே தள்ளப்போவதாக 2017 டிசம்பரிலேயே சொன்னார்கள். நம் ஊர் ஆடித் தள்ளுபடி போஸ்டர்களுக்கு மட்டும் அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை! காசு கொடுத்து ஃபாலோயர் வாங்குவது அதைவிட மோசம். அந்தக் கணக்குகள் சேலையும் கட்டாது, கமெண்ட்டும் போடாது.

இன்னொன்று, லைக்கை மட்டும் எண்ணிக்கொண்டிருப்பது. எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள், எத்தனை லைக், எத்தனை பேர் பிறருக்கு அனுப்புகிறார்கள் என்ற மூன்றையும்தான் முக்கியமாகக் கவனிக்கச் சொன்னார் இன்ஸ்டாகிராம் தலைவர் ஆடம் மொசேரி. உங்களைப் பின்தொடராத புது ஆட்களிடம் போய்ச் சேர, அனுப்புவதுதான் கூடுதலாக உதவுமாம்.

காசிமேட்டில் மீன் விற்கும் தம்பி ஒருவரின் வீடியோவில் முதல் எட்டு நொடி லோகோதான் சுற்றும். அதற்குள் பார்ப்பவர் அடுத்த ரீலுக்குப் போயிருப்பார். லோகோவை வெட்டிவிட்டு, வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கி அந்தச் சிவப்பைக் காட்டச் சொன்னேன். "வாங்கிட்டு வரவா?" என்று வீட்டுக்கு அனுப்பத் தோன்றுவது அதைப் பார்த்துத்தானே?

அப்புறம், திட்டி வரும் கமெண்ட். ஜவுளிக் கடையில் ஒரு அம்மா "சாயம் போகுது" என்று எழுத, முதலாளி மகன் அழித்துவிட்டார். அந்த அம்மா சும்மா விடவில்லை, போட்டோவோடு மறுபடி போட்டார். இந்தத் தடவை "கொண்டு வாங்கம்மா, மாத்தித் தரோம்" என்று பதில் எழுத வைத்தேன். அதற்குக் கீழேயே இரண்டு பேர், ஞாயிற்றுக்கிழமை கடை உண்டா என்று கேட்டிருந்தார்கள்.