எஸ்.எம்.பி.எஸ். அடிக்கடி போகிறதா? சுவரிலிருந்து தேடுங்கள்

பாகங்கள் வாங்கி வீட்டிலேயே கூட்டிய கணினியில் எஸ்.எம்.பி.எஸ். (சுவர் மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்ற டி.சி. மின்சாரமாக மாற்றும் பெட்டி) ஒரு முறை போனால், அந்தப் பெட்டியையே குறை சொல்லலாம். புதிதாகப் போட்டதும் சீக்கிரமே போனால், மூன்றாவதை வாங்குவதற்கு முன் வீட்டு மின்சாரத்தைச் சோதியுங்கள். காவிரி டெல்டாவில் யாரைக் கேட்டாலும் "லோ வோல்டேஜ்" என்பார்கள். மும்முனை மின்சாரம் வரும் நேரத்தில் ஊரிலுள்ள போர் மோட்டார்கள் எல்லாம் ஒன்றாக ஓடும்போது விளக்கு மங்குவது உண்மைதான். ஆனால் ஓரளவு தரமான எஸ்.எம்.பி.எஸ். குறைந்த மின்னழுத்தத்தைத் தாங்கும். தாங்க முடியாதபோது அணைந்துவிடும். அதைக் கொல்வது பெரும்பாலும் மிகை மின்னழுத்தம்.

படி 1: பிளக் பாயின்ட்டை அளப்பது

மல்டிமீட்டரின் சிவப்பு வயர் வோல்ட் துளையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 10 ஆம்பியர் துளையில் இருந்தால், சுவரில் வைத்த நொடியே ஷார்ட் சர்க்யூட் ஆகும். குமிழை ஏ.சி. 750க்குத் திருப்புங்கள். கை உலர்ந்திருக்க வேண்டும். விரல் உலோக முனையில் படக்கூடாது. பயமாக இருந்தால் எலக்ட்ரீஷியனை அளக்கச் சொல்லி, எண்களை நீங்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

ஃபேஸுக்கும் (மின்சாரம் வரும் கம்பி) நியூட்ரலுக்கும் (அது திரும்பும் கம்பி) இடையே 230ஐ ஒட்டி வர வேண்டும். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே ஏறக்குறைய அதே அளவு. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரு வோல்ட் போதும். இரண்டாவது அளவு நிலையில்லாமல் அலைந்தால் எர்த் இல்லை என்று பொருள். பழைய ஓட்டு வீடுகளில் எர்த்துக்காக மேலே உள்ள பெரிய துளை வெறும் அலங்காரம்தான். அங்கே கணினி கேபினெட்டின் திருகில் டெஸ்டரை வைத்தால் மங்கலாக எரியும். திடீர் மின்னழுத்த உயர்வைத் தடுக்கும் சர்ஜ் புரொடெக்டரும் எர்த் இல்லாமல் அரைகுறையாகத்தான் காக்கும்.

படி 2: நியூட்ரல்

மிகை மின்னழுத்தத்தைக் கொண்டுவரும் உண்மையான வில்லன் இதுதான். மும்முனை இணைப்புள்ள வீட்டில் கிரைண்டரைப் போட்டதும் ஓர் அறையில் விளக்கு மங்கி, இன்னோர் அறையில் பளிச்சென்று ஏறினால் நியூட்ரல் தளர்ந்திருக்கிறது. ஒருமுனை வீடும் தப்பாது. கம்பத்தில் நியூட்ரல் அறுந்தால் தெருவுக்கே ஆபத்து. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து உப்புக் காற்றில் இணைப்புகள் சீக்கிரம் அரிக்கின்றன.

கணக்கைப் பாருங்கள். 230 வோல்ட் வரும்போது சாதாரண எஸ்.எம்.பி.எஸ்ஸின் பெரிய மின்தேக்கியில் (கெபாசிட்டர்) சுமார் 325 வோல்ட் நிற்கும். சுவரில் 300 வந்தால் உள்ளே 424. அந்த மின்தேக்கிகளின் வரம்பு பெரும்பாலும் 400 அல்லது 450. நியூட்ரல் முழுதாக அறுந்தால் சுவரிலேயே 400 வரை ஏறலாம். எந்த விலை எஸ்.எம்.பி.எஸ்ஸும் அதற்குத் தப்புவது கடினம். மெயினை அணைத்துவிட்டு மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள். கம்பத்தில் நீங்கள் கை வைக்காதீர்கள்.

படி 3: இன்வெர்ட்டர்

சதுர வடிவ அலையில் மின்சாரம் தரும் மலிவான ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டருக்கும், மின்சாரத்தைச் சீராக இழுக்கும் ஆக்டிவ் பி.எஃப்.சி. சுற்று உள்ள எஸ்.எம்.பி.எஸ்ஸுக்கும் பல நேரம் ஒத்துப்போகாது. மின்சாரம் போய் இன்வெர்ட்டருக்கு மாறும்போது கணினி அணைந்தாலோ, எஸ்.எம்.பி.எஸ். ரீங்காரமிட்டாலோ சந்தேகப்படுங்கள். கணினியை அந்த லைனிலிருந்து பிரியுங்கள், அல்லது சுவர் மின்சாரம்போல் வழுவழுப்பான அலை தரும் சைன் வேவ் இன்வெர்ட்டர் வாங்குங்கள். மின்தடை வந்தால் பிளக்கைக் கழற்றி, மின்சாரம் திரும்பிச் சில நிமிடம் கழித்துச் செருகுங்கள்.

படி 4: பெட்டிக்குள்

பிளக்கைக் கழற்றிய பிறகுதான் இது. அறுவடைக் காலத்து வைக்கோல் தூசியும் அரிசி ஆலைத் தவிடும் விசிறியை அடைக்கும். பல்லியும் எறும்பும் உள்ளே போகும். வெளியிலிருந்து காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். எஸ்.எம்.பி.எஸ்ஸைத் திறக்கவே கூடாது; அணைத்த பிறகும் மின்தேக்கியில் உயிர்போகும் அளவு மின்சாரம் தங்கியிருக்கும். பின்பக்கம் சிவப்பு ஸ்விட்ச் இருந்தால் அது 230இல் நிற்க வேண்டும். மதர்போர்டுக்கு அடியில் துளையில்லாத இடத்தில் பித்தளைத் தாங்கி ஒன்று மிச்சமிருந்தால் அதுவும் ஷார்ட் ஆக்கும்.

பிறகு பிளக்கைச் செருகி, கணினி ஓடும்போது உபரி இணைப்பியில் டி.சி. அளவைப் பாருங்கள்: மஞ்சளுக்கும் கறுப்புக்கும் இடையே 11.4 முதல் 12.6 வரை, சிவப்புக்கும் கறுப்புக்கும் இடையே 4.75 முதல் 5.25 வரை.

படி 5: புதியது வாங்கினால்

கிராஃபிக்ஸ் கார்டு தயாரிப்பாளர் சொல்லும் வாட்டுக்குக் கீழே போகாதீர்கள். கழற்றி மாட்டும் கேபிள் உள்ள மாடல் என்றால், பழைய எஸ்.எம்.பி.எஸ்ஸின் கேபிள்களை அதில் செருகாதீர்கள். முனை பொருந்தும், உள்ளே வயர் வரிசை மாறியிருக்கலாம். அப்படி மாறியிருந்தால் ஹார்ட் டிஸ்க் அந்த நொடியே எரிந்துவிடலாம்.