300 அடி வயர், 1,269 முடிச்சு: முதல் வயர் கூடை பின்னுவது எப்படி

வீட்டில் சும்மா இருக்கும் நேரத்தில் கையால் ஏதாவது செய்யலாமே என்று கேட்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது ஒன்றுதான்: வயர் கூடை பின்னுங்கள். காகிதப் பூ, பாட்டிலில் பெயின்ட் எல்லாம் ஒரே மாலையில் முடிந்துவிடும், அப்புறம் அது அலமாரி மேல் தூசி படிந்து உட்கார்ந்திருக்கும். கூடை அப்படி இல்லை. பத்துப் பன்னிரண்டு நாளைக்கு வேலை இருக்கும், எந்த முடிச்சிலும் நிறுத்திவிட்டு அடுப்பைப் பார்க்கப் போகலாம், தப்பாகப் போனால் அவிழ்த்து அதே வயரில் மறுபடி போடலாம், முடிந்த பிறகு தினமும் கையில் தூக்கிக்கொண்டு போகலாம். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை இருக்கிறது. அதற்கெல்லாம் வெகு காலம் முன்பிருந்தே எங்கள் பெரியம்மா ஒரு பச்சை வெள்ளைக் கூடையோடுதான் சந்தைக்குப் போவார். அந்தக் கூடையில் கைப்பிடிதான் இரண்டு முறை மாறியது, உடம்பு இன்னும் அப்படியே இருக்கிறது.

பெரிய கூடையில் தொடங்க வேண்டாம். சின்ன டிபன் டப்பாவும் சின்னத் தண்ணீர் பாட்டிலும் வைக்கிற அளவு போதும். அடிப்பாகம் நீளவாக்கில் 21 முடிச்சு, அகலவாக்கில் 9 முடிச்சு, பக்கச் சுவர் உயரம் 18 வரிசை. அடியின் நீளமும் அகலமும் ஒற்றைப்படை எண்ணாக இருப்பதற்குக் காரணம் உண்டு, நடுவில் ஒரு முடிச்சில் தொடங்கி இருபக்கமும் சமமாகப் போக முடியும்.

வயர் வாங்கும் முன் கணக்கு. இதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். இந்தக் கூடைக்குப் போடும் சாதா முடிச்சுக்குள் ஒவ்வொரு வயரும் முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை, மறுபடி முன்னால் ஒரு தடவை போகிறது. அதனால் முடிச்சின் அகலத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல் வயர் தின்னும். என் கையில், நான் வாங்கும் வயரில், ஒரு முடிச்சு 8 மில்லிமீட்டர் வருகிறது, அதற்கு ஏறக்குறைய 2.8 சென்டிமீட்டர் வயர் போகிறது. உங்களுக்கு இது மாறலாம். ஆகவே கீழே சொல்லும் முடிச்சைப் பழகிய பிறகு, ஒரு வயரில் பேனாவால் அடையாளம் வைத்து, வரிசையாகப் பத்து முடிச்சு போட்டு, எவ்வளவு வயர் உள்ளே போனது என்று அளந்துகொள்ளுங்கள். 28 சென்டிமீட்டர் பக்கத்தில் வந்தால் கீழே சொல்லும் அளவுகளை அப்படியே எடுக்கலாம். 32 வந்தால் எல்லாவற்றையும் ஏழில் ஒரு பங்கு கூட்டி வெட்டுங்கள்.

குறுக்கு வயர் 5 அடியில் 21 துண்டு. நீள வயர் 6 அடியில் 9 துண்டு. சுவருக்குச் சுற்று வயர் ஆறரை அடியில் 18 துண்டு. கைப்பிடிக்கு 4 அடியில் 6 துண்டு. கூட்டினால் 300 அடி, அதாவது ஏறத்தாழ 91.5 மீட்டர். ஒரு கட்டு வயரில் எத்தனை மீட்டர் என்பது கடைக்குக் கடை, கம்பெனிக்குக் கம்பெனி மாறும், கேட்டுவிட்டு வாங்குங்கள். கணக்குக்கு மேல் ஒரு கட்டு அதே நேரத்தில் சேர்த்து வாங்கிவிடுவது நல்லது. என் இரண்டாவது கூடைக்கு மாம்பழ மஞ்சள் எடுத்தேன், வாய்ப்பகுதிக்கு வரும்போது வயர் தீர்ந்துபோய் அதே கடையில் அதே மஞ்சள் கேட்டு வாங்கி வந்தேன், பின்னி முடித்து வெயிலில் வைத்துப் பார்த்தபோதுதான் மேல் நான்கு வரிசை தனியாக எலுமிச்சை நிறத்தில் தெரிந்தது. அவிழ்க்க மனசு வரவில்லை, இப்போதும் அப்படித்தான் இருக்கிறது.

கட்டைப் பிரித்தால் வயர் சுருள் சுருளாகத் துள்ளும். வெட்டிய துண்டுகளை அரை மணி நேரம் வெயிலில் போடுங்கள், அல்லது கை பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் முக்கி எடுத்துக் கையால் நீவுங்கள், படிந்துவிடும். வேறு சாமான் என்றால் ஒரு கத்தரி, அளக்கும் டேப், துணி காயப்போடும் கிளிப் நாலைந்து, நுனி மழுங்கிய சின்ன ஸ்க்ரூடிரைவர் ஒன்று. அவ்வளவுதான்.

இப்போது முடிச்சு. இதை முதலில் வயரில் செய்யாதீர்கள். இரண்டு நிறக் காகிதத்தில் விரல் அகலத்துக்கு இரண்டு பட்டை வெட்டி, கூட்டல் குறி மாதிரி ஒன்றின் மேல் ஒன்று வையுங்கள். நான்கு கை நீட்டிக்கொண்டிருக்கும். மேல் கையை வலப்பக்கமாக ஒதுக்கிக் கீழே மடியுங்கள். மடிப்பை அழுத்த வேண்டாம், மேலே ஒரு சின்னக் காது மாதிரி விட்டு வையுங்கள். வலக் கையை அதன் மேலாக இடப்பக்கம் மடியுங்கள், அது கீழ்ப்பாதியில் கிடக்கட்டும். கீழ்க் கையை அதற்கும் மேலாக இடப்பாதியில் மேல்நோக்கி மடியுங்கள். கடைசியாக இடக் கையை, இப்போது மேலே போன பட்டையின் மேலாக வலப்பக்கம் கொண்டுபோய், முதலில் விட்டோமே அந்தக் காதுக்குள் நுழையுங்கள். நான்கு நுனியையும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி மாற்றி இழுத்தால் முன்பக்கம் நான்கு சின்னக் கட்டம் சதுரமாக உட்காரும், பின்பக்கம் வெறும் கூட்டல் குறி தெரியும். பனை ஓலையில் விளையாட்டுச் சாமான் செய்த கைகளுக்கு இந்த மடிப்பு புதிதாக இருக்காது. காகிதத்தில் ஏழெட்டு தடவை வந்தபிறகு வயரைத் தொடுங்கள்.

வயரில் ஒரே ஒரு சிக்கல் கூடும். இரண்டாவது முடிச்சிலிருந்து ஒரு பக்க வயர் ஏற்கெனவே பின்னியதோடு ஒட்டிக்கொண்டிருக்கும், அதன் நுனி நம் கையில் இருக்காது. அங்கே வயரை போய், திரும்பி, மறுபடி போகிற மாதிரி ஒரு சுழிப்பாகத் தளர்த்தி எடுத்துக்கொண்டு அதைத்தான் அந்தக் கையாக நினைத்து மடிக்க வேண்டும். முடிச்சு தளர்வாக உருவான பிறகு, பின்னிய பக்கத்திலிருந்து தொடங்கி உபரி வயரை நுனிப்பக்கமாகத் தள்ளிக்கொண்டே போய் இறுக்குங்கள். குழப்பமாக இருந்தால், போட்ட முதல் முடிச்சை மெதுவாகப் பாதி அவிழ்த்து, எந்த வயர் எதன் மேல் போகிறது என்று கண்ணால் பின்தொடருங்கள். நான் கற்றுக்கொண்டது பெரியம்மா போட்ட முடிச்சை அவிழ்த்துப் பார்த்துத்தான், அவர் வாயால் சொன்னதை வைத்து அல்ல.

அடிப்பாகத்தை நடுவிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு நீள வயரின் நடுவும் ஒரு குறுக்கு வயரின் நடுவும் சேரும் இடத்தில் முதல் முடிச்சு. அதற்கு வலப்பக்கம் அடுத்த குறுக்கு வயரின் நடுவை வைத்து இரண்டாவது. இப்படி வலப்பக்கம் பத்து, இடப்பக்கம் பத்து, நடுவில் ஒன்று, மொத்தம் 21 முடிச்சில் ஒரு வரிசை. எல்லா முடிச்சிலும் நான்கு கட்டம் தெரியும் பக்கம் உங்களைப் பார்த்திருக்க வேண்டும், ஒன்று திரும்பிவிட்டாலும் பின்னால் பல்லிளிக்கும். அந்த வரிசைக்கு மேலே நான்கு வரிசை, கீழே நான்கு வரிசை, ஒவ்வொன்றுக்கும் புதிய நீள வயர், ஒவ்வொன்றையும் நடு முடிச்சிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். ஓரத்திலிருந்து ஆரம்பித்தால் ஒரு பக்கம் வயர் நீண்டும் மறு பக்கம் குறைந்தும் போகும், சுவர் பாதியில் நின்றுவிடும்.

மூன்றாவது வரிசை முடிந்ததும் நிறுத்தி ஒரு ஸ்கேலை ஓரத்தில் வைத்துப் பாருங்கள். புதிதாகப் பின்னுகிறவர்களுக்கு முதலில் போட்ட முடிச்சுகள் தளர்வாகவும், கை பழகிய பிறகு போட்டவை இறுக்கமாகவும் வரும், அதனால் அடி ஒரு பக்கம் கோணிக்கொள்ளும். இந்த இடத்தில் அவிழ்த்தால் நஷ்டம் ஒரு மணி நேரம்தான். விட்டுவிட்டால் முடிந்த கூடை தரையில் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிற்கும். நிறம் எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும், இழுப்பு மட்டும் எல்லா முடிச்சிலும் ஒரே மாதிரி இருக்கட்டும், பார்க்கிறவர் கண்ணுக்குக் கூடை அழகாகத் தெரிவதற்கு அதுதான் காரணம். டிவி பார்த்துக்கொண்டு பின்னலாம், கோபமாக இருக்கும்போது பின்னினால் அன்றைக்குப் போட்ட வரிசைகள் மட்டும் சுருங்கிப்போகும், அதை நானே பல தடவை பார்த்திருக்கிறேன்.

அடி முடிந்தால் 189 முடிச்சு. நான்கு பக்கமும் 60 வயர் நுனிகள் நீட்டிக்கொண்டிருக்கும். கட்டம் தெரியும் நல்ல பக்கம் வெளியே வருகிற மாதிரி வைத்துக்கொண்டு, சுற்று வயர் ஒன்றை எடுத்து, 10 சென்டிமீட்டர் நுனி விட்டு, நீளப் பக்கத்தின் நடுவில் தொடங்குங்கள். 60 நுனிகளோடும் வரிசையாக முடிச்சு போட்டுக்கொண்டே சுற்றி வர வேண்டும். மூலையில் தனியாக எதுவும் செய்ய வேண்டியதில்லை. மூலை நுனி இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் முடிச்சாகும்போது அடி தானாகவே மடங்கிச் சுவர் எழும்பும். முதல் சுற்றில் அது கோணல்மாணலாக நிற்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், மூன்றாவது சுற்றில் பெட்டி வடிவம் வந்துவிடும். மிச்ச நுனிகள் முகத்தில் குத்தாமல் இருக்கப் பத்துப் பத்தாகச் சேர்த்துக் கிளிப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சுற்று முடிந்ததும் தொடக்க நுனியும் கடைசி நுனியும் சந்திக்கும். இரண்டையும் உள்பக்கம் தள்ளி, எதிரெதிர்த் திசையில், உள்ளே தெரிகிற கூட்டல் குறிகளின் அடியில் மூன்று நான்கு முடிச்சுக்குச் செருகி வெட்டிவிடுங்கள். ஸ்க்ரூடிரைவர் இதற்குத்தான், அதன் நுனியால் கொஞ்சம் நெம்பினால் வயர் நுழைய வழி கிடைக்கும். அடுத்த சுற்றை வேறு இடத்தில் தொடங்குங்கள், எல்லாச் செருகலும் ஒரே இடத்தில் வந்தால் அங்கே புடைத்துக்கொள்ளும். கை பழகியவர்கள் இப்படித் துண்டு துண்டாக வெட்ட மாட்டார்கள், ரன்னிங் வயர் என்று கட்டிலிருந்து வெட்டாமலே ஓட்டிக்கொண்டு போவார்கள், வயரும் மிச்சமாகும். ஆனால் முதல் கூடைக்கு முழுக் கட்டையும் கையில் வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுவதைவிட ஆறரை அடித் துண்டு எவ்வளவோ மேல்.

சுவரில் 1,080 முடிச்சு, அடியோடு சேர்த்து 1,269. ஒரு முடிச்சுக்கு அரை நிமிடம் என்றால் பத்தரை மணி நேர வேலை. தினம் மதியம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் பதினோரு நாளில் வாய் வரைக்கும் வந்துவிடும். நிறம் மாற்ற ஆசை இருந்தால் சுற்று வயரில் மாற்றுங்கள், ஆறாவது ஏழாவது சுற்று வேறு நிறம் என்றால் பட்டையாக வரும். பூ, கோலம், பெயர் எழுத்து எல்லாம் மூன்றாவது கூடைக்கு வைத்துக்கொள்ளலாம்.

வாய் முடிப்பது: 18 சுற்று ஆனதும் ஒவ்வொரு நுனியையும் உள்பக்கமாக மடித்து, கீழ்நோக்கி மூன்று முடிச்சுக்கு அடியில் செருகி, இழுத்து இறுக்கி, ஒட்ட வெட்டுங்கள். அறுபதையும் செருகி முடிக்க ஒரு மாலை போகும். இங்கே அவசரப்பட்டு இரண்டு முடிச்சோடு நிறுத்தினால், பாரம் ஏறும்போது நுனி வெளியே வந்து கையைக் கீறும்.

கைப்பிடிக்கு, நீளப் பக்கத்தில் இடமிருந்து 5, 6, 7 ஆம் முடிச்சுகளையும் 15, 16, 17 ஆம் முடிச்சுகளையும் எண்ணி அடையாளம் வையுங்கள். வாயிலிருந்து இரண்டு வரிசை கீழே, இடப்பக்க மூன்று முடிச்சிலும் ஆளுக்கொரு 4 அடி வயரைப் பாதி வரை நுழைத்தால் ஆறு இழை கிடைக்கும். இரண்டிரண்டாகச் சேர்த்து மூன்று காலாக்கி, தலைக்குச் சடை பின்னுவதைப் போலவே 30 சென்டிமீட்டர் பின்னுங்கள், பிறகு வலப்பக்க மூன்று முடிச்சுகளில் இறக்கி, உள்பக்கம் ஐந்து வரிசையாவது கீழே செருகுங்கள். சடை இறுக்கமாக இருக்க வேண்டும், தளர்ந்த சடை பாரத்தில் நீண்டுவிடும். மறுபக்கமும் இப்படியே. கூடைக்குள் இரண்டு கிலோ அரிசிப் பையை வைத்து, பின்னிய கைப்பிடியை ஆணியில் மாட்டி ஒரு இரவு தொங்கவிட்டுப் பாருங்கள், காலையில் எந்த நுனி நழுவியிருக்கிறது என்று தெரிந்துவிடும், அதை மட்டும் இன்னும் கீழே செருகினால் போதும்.

அழுக்கானால் சோப்புத் தண்ணீரில் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கவிழ்த்து வையுங்கள். கொளுத்தும் வெயிலில் நாள் கணக்கில் விட வேண்டாம், வயர் வெளுத்து மொறுமொறுப்பாகி உடையும்.

அடுத்த கூடையில் சிவன் கண், நெல்லிக்காய், பிஸ்கட் என்று வேறு முடிச்சுகளுக்குப் போகலாம். ஆனால் சாதா முடிச்சில் இரண்டு கூடை முடித்துவிட்டுப் போனால்தான் கை பேசும். முதல் கூடையில் மிஞ்சும் ஒரு சாண், இரண்டு சாண் துண்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். முடிச்சு போட வராத அளவு சின்னதாக இருந்தாலும், கூடையில் எங்காவது இழை அறுந்தால் அந்த இடத்தில் உள்பக்கமாக ஓட்டிச் செருக அதே நிறத் துண்டுதான் வேண்டும். பெரியம்மா அவற்றை ஒரு ரப்பர் பேண்டில் கட்டிக் கூடைக்குள்ளேயே போட்டு வைத்திருப்பார்.