எஃப்1 கேட்டு நிற்கும் கணினி: பட்டன் பேட்டரியை மாற்றுவது எப்படி

டெஸ்க்டாப்பை ஆன் செய்ததும் ‘சிமாஸ் செக்சம் எரர்’ என்று வந்து, எஃப்1 அழுத்தினால்தான் விண்டோஸ் திறக்கிறதா? தேதியும் பழைய வருடத்துக்குப் போய்விடுகிறதா? பெரும்பாலும் கணினியின் முதன்மைப் பலகையான மதர்போர்டிலுள்ள பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கும். விண்டோஸை மறுபடி நிறுவாதீர்கள். கோளாறு அங்கே இல்லை.

முதலில் கணினியை ஆன் செய்ததும் டெலீட் அல்லது எஃப்2 அழுத்தி, அதன் அடிப்படை அமைப்புகள் உள்ள பயாஸ் திரைக்குள் போய், சாட்டா மோடு (டிஸ்க்கோடு பேசும் முறை), பூட் மோடு (விண்டோஸைத் தொடங்கும் முறை), பூட் வரிசை (எந்த டிஸ்க்கிலிருந்து முதலில் தொடங்குவது) மூன்றையும் போனில் படமெடுங்கள். இதைத் தவிர்ப்பவர்கள்தான் பிறகு திண்டாடுகிறார்கள். பேட்டரியைக் கழற்றியதும் சாட்டா மோடு மாறிவிட்டால், நன்றாக இருக்கும் விண்டோஸும் நீலத்திரை காட்டும். டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் போட்டிருந்தால் மீட்புச் சாவியும் கையில் இருக்கட்டும்.

பிறகு கணினியை அணைத்து, பவர் கேபிளைப் பிடுங்கி, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்துங்கள். பக்கவாட்டுத் தகட்டைத் திறந்து, கேபினெட்டின் இரும்பைத் தொட்டுவிட்டு, பேட்டரியின் ஓரக் கொக்கியை நகத்தால் தள்ளினால் அது மேலெழும். சிஆர்2032 என்று கேட்டு வாங்குங்கள், 3 வோல்ட். சிஆர்2025 மெல்லியது, சரியாகத் தொடாது. கூட்டல் குறி மேலே இருக்க வேண்டும்.

மறுபடி பயாஸில் தேதி, நேரம், படத்திலுள்ள அமைப்புகளைப் போட்டு எஃப்10 அழுத்திச் சேமியுங்கள். ‘நோ பூட்டபிள் டிவைஸ்’ என்று வந்து, பயாஸிலும் டிஸ்க்கின் பெயர் தெரியாவிட்டால், கேபிள் அசைந்திருக்கலாம். கணினியை அணைத்து, டிஸ்க்கின் இரு கேபிள்களையும் கழற்றி அழுத்திச் செருகுங்கள்.